ஈரக்கழிவு

மழை பிடித்த நாட்களில் கிரீம் சொன்ன பேச்சு கேட்காது.
கோத்தகிரியில், மருந்துக்கடைக்கு மேல் என் அறை.
ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து
ரோஜா இதழ்களின் ஓரத்தை நக்கிவிட்டுப் போகும்.
மூடினால் மூச்சு முட்டும்,
எனக்கல்ல, வெண்ணெய்க்கு.

இந்த வாரம் மட்டும் நான்கு ஒற்றைக்கொம்புக் குதிரைகள்.
எல்லா அம்மாக்களுக்கும் போனில் ஒரே படம்தான் கிடைக்கிறது.
வெலிங்டனிலிருந்து ஒரு கேப்டன்
பீரங்கி வடிவில் கேட்டார். திருமண நாளுக்கா சார்?
ஆமாம், அவளுக்குப் புரியும்.
அரவேணு லிங்கி அக்கா மருமகனுக்காக
கேரட் லாரி கேட்டார், நம்பர் பிளேட்டோடு.
அதில் ஒரு எட்டு ஆறாகிவிட்டது.
இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்,
பாக்கி நூறு ரூபாயைத் தராமலேயே.

வியாழக்கிழமை, கடை சாத்தும் நேரம்,
படியேறி வந்தவர் செருப்பை வெளியே விட்டார்.
பரவாயில்லை, போட்டுக்கொண்டே வாங்க என்றால்
மண் என்றார்.
ரத்தினவள்ளி. முப்பத்தொரு வருடம் கொழுந்து.
சனிக்கிழமையோடு கணக்கு முடிகிறது.
கேக் யாருக்கு?
எனக்குத்தான் என்றார்,
யாரோ ஒட்டுக்கேட்பதுபோல் மெதுவாக.

படங்களைக் காட்டினேன். கொழுந்துக் கூடை,
இரண்டு இலை ஒரு மொட்டு,
டீத்தூள் தூவிய மலைச்சரிவு (அது என் சொந்த யோசனை).
பச்சை வேண்டாம் கண்ணு.
பச்சை பார்த்தாச்சு.
வெள்ளையில், ஒரே ஒரு வார்த்தை:
போதும்.

கிலோ எண்ணூறு என்றதும் அடுத்த கேள்வி:
பெட்டியைக் கழிச்சா, கழிக்காமலா?

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார்,
கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல்.
சாக்குக்கு ஒரு கிலோ. ஈரத்துக்கு ரெண்டு.
மாசி வெயில்ல இலை மொறுமொறுன்னு இருந்தாலும்
ஈரத்துக்கு ரெண்டு.
முள்ளைக் கணக்கப்பிள்ளை பார்ப்பார்,
நாங்க அவர் முகத்தைப் பார்ப்போம்.

இரவில் மனக்கணக்குப் போட்டேன்:
நாளைக்கு மூன்று கிலோ, வருடம் முப்பத்தொன்று.
பாதியில் நிறுத்தியபோதுதான் பார்த்தேன்,
மாவை அதிகம் அடித்துவிட்டேன்.
மறுபடி முதலிலிருந்து.

தமிழ் எழுத்து கிரீமுக்கு ஒத்துவரும்.
சுழியும் வளைவுமாகக் கையெடுக்காமல் போகலாம்.
நான்கு ஒற்றைக்கொம்புக்குப் பிறகு
போவுக்கு ஓர் இரட்டைக்கொம்பு.
துவின் வாலை இழுத்து, மவைப் பெட்டியாக மடித்து,
மேலே ஒரு சொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஹாலனின் ஆட்டோவில் கேக் என் மடியில்,
தராசு காலடியில்.
மூன்றாவது வளைவில் காட்டெருமை.
அவன் போட்ட பிரேக்குக்கு அது அசையவே இல்லை.
எங்களைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது,
பிறகு வேறு வேலை இருப்பதுபோல்
தேயிலைக்குள் இறங்கியது.

லயத்து வாசலில் ஏழெட்டுப் பெண்கள்.
பெட்டியைக் கழற்றி, அடித்தட்டின் எடையை நீக்கி,
எல்லோரும் பார்க்க வைத்தேன்.
ஒண்ணே நூத்தி நாப்பது, ஒருத்தி சத்தமாக வாசித்தாள்.
இன்னொருத்தி குனிந்து தானும் வாசித்தாள்.

அப்போதுதான் தெரிந்தது, புள்ளி இல்லை.
வளைவில் எங்கோ வழுக்கியிருக்கிறது.
'போதும' என்று
வாய் மூடாமல் கிடந்தது வார்த்தை.
பையிலிருந்து கூம்பை எடுப்பதற்குள்
ரத்தினவள்ளி ஓரத்தில் வழிந்த கிரீமை
கறையேறிய ஆள்காட்டி விரலில் தொட்டு வைத்தார்.
பெரிய புள்ளி. கொஞ்சம் கோணல்.

கத்தி நடுவில் இறங்கியது.
'போ' அவர் தட்டில்.
'தும்' எங்களுக்கு;
ஹாலன் தும்முவதுபோல் நடித்தான், யாரும் சிரிக்கவில்லை,
வாய் நிறைய கேக்.

எண்ணூறை எண்ணிக் கொடுத்துவிட்டு
மேலே நூத்திப்பன்னிரண்டு என்றார்,
காகிதமோ விரலோ இல்லாமல்.
ஈரத்துக்குக் கழிச்சுக்குங்க என்றேன்.

கழிக்கிறதெல்லாம் கிடையாது என்றார்,
கடைசி இரண்டு ரூபாயைத் தேடி
சுருக்குப்பையைத் தலைகீழாக உதறியபடி.